தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வாரம் ஒரு மணி நேரம்: எந்த வேலையை எடுப்பது?

குற்றாலச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

தென்காசிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், கல்லூரி மாணவிகள், அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், அப்புறம் நான். புத்தகம் பேசி முடித்த பிறகு ஒரு மணி நேரம் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஏதாவது செய்யலாம் என்று முடிவாகியிருக்கிறது. என்ன செய்வது என்பதுதான் முடிவாகவில்லை.

மடிக்கணினி இரண்டுதான் உண்டு, மற்றவர்களிடம் கைப்பேசி. நீளமாகக் கட்டுரை எழுதும் தெம்பு ஓர் ஆசிரியரைத் தவிர யாருக்கும் இல்லை (அவரை விட்டால் ஒவ்வொரு குறளுக்கும் தனி உரை எழுதிவிடுவார்). உட்கார்ந்த இடத்திலேயே தொடங்கி முடித்துவிட்டு எழுந்திருக்கிற மாதிரி வேலை வேண்டும். அடுத்த வாரம் வருவேனா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

என் யோசனை இது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. எங்கள் ஊராட்சிக் கட்டுரைகள் சிலவற்றில் இன்னும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கிறது. தேடித் தேடி அதை மாற்றினால் என்ன? பார்க்க எளிய வேலையாகத் தெரிகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகசிங்கம்

மன்னிக்கவும், ஆரம்பத்திலேயே தண்ணீர் ஊற்றுகிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன. அதில் எத்தனையை ஒரு பள்ளிப் பிள்ளை முழுதாகப் படித்துப் பயன் பெற முடியும்? நோய்கள், சட்டம், பயிர்கள், வங்கி நடைமுறை என்று அன்றாடம் தேடுகிற பக்கங்களைத் திறந்தால் நாலு வரி. ஏழு பேர் சேர்ந்து ஒரு மாதத்தில் ஒரு நல்ல கட்டுரையை முழுதாக எழுதலாம். அதை விட்டுவிட்டு மாவட்டப் பெயர் மாற்றுவது, கமா போடுவது எல்லாம் தொகுப்பு (அதாவது செய்த திருத்தங்களின்) எண்ணிக்கையைக் கூட்டும் வேலை.

ஆலமரத்தடி ஆசாமி

சிங்கம், நல்ல கட்டுரை வேண்டும் என்பதில் உங்களோடு சண்டையில்லை. ஆனால் ஒரு மாதம் தொடர்ந்து வர முடியாது என்று அவர்களே சொல்கிறார்களே. வரமுடியாதவர்களை வைத்து நீள் கட்டுரை தொடங்கினால் பாதியில் நிற்கும். பாதியில் நிற்கிற கட்டுரையை எடுத்து முடிப்பவர் யார்? ஏற்கெனவே அப்படி நிற்கிறவை போதாதா?

குற்றாலச்சாரல், யோசனை நல்லது. ஆனால் அது நீங்கள் நினைக்கிற அளவுக்கு எளிதில்லை. விவரமாகச் சொல்கிறேன்.

அந்த ஊராட்சிக் கட்டுரைகளில் பெரும்பாலானவை 2015 வாக்கில் அரசுத் தரவை வைத்துத் தானியங்கி நிரல் மூலம் ஏற்றப்பட்டவை. தமிழ்நாட்டில் ஊராட்சிகள் 12,000-க்கும் மேல். எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு: இன்ன வட்டாரம், இன்ன சட்டமன்றத் தொகுதி, இன்ன மக்களவைத் தொகுதி, 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை, கைக்குழாய் எத்தனை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எத்தனை, சிற்றூர்களின் பட்டியல். அதற்குப் பிறகு பலர் கை வைத்திருக்கிறார்கள். அதனால் முதல் வரியில் மாவட்டம் மாறியிருக்கும், தகவற்சட்டத்தில் (விவரங்களைச் சுருக்கித் தரும் பெட்டி) மாறியிருக்காது. இரண்டும் மாறியிருந்தால் கீழே பகுப்பு (கட்டுரை எந்த வகை என்று காட்டும் குறி) பழையதாகக் கிடக்கும். ஒரு பக்கத்தைத் திறந்தால் முதல் வரி, தகவற்சட்டம், அடியில் இருக்கும் வார்ப்புரு (பல பக்கங்களில் ஒரே மாதிரி வரும் பெட்டி), பகுப்பு ஆகிய நாலு இடங்களையும் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். ஓர் இடத்தை மட்டும் மாற்றிவிட்டு நகர்ந்தால் அடுத்து வருகிறவர் குழம்பிப்போவார்.

இதைவிட முக்கியமானது, எதை மாற்றக்கூடாது என்பது.

மக்களவைத் தொகுதி இருக்கிறதே, அது மாவட்டத்தோடு மாறாது. ஆலங்குளம் சட்டமன்றத் தொகுதி தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் திருநெல்வேலி மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. "திருநெல்வேலி" என்று கண்ணில் பட்டதையெல்லாம் "தென்காசி" ஆக்கினால் சரியாக இருந்த வரி தப்பாகிவிடும். மறுபக்கம் ராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டம், ஆனால் தென்காசி மக்களவைத் தொகுதி. அங்கே யாராவது உற்சாகமாக மாவட்டத்தையும் தென்காசி என்று போட்டுவைத்தால் அதுவும் வம்பு.

அடுத்து, மேற்கோள். 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு திருநெல்வேலி என்ற பெயரில்தான் வெளியானது. மேற்கோளில் இருக்கிற அந்த நூற்பெயரைத் தொடவே கூடாது.

கடைசியாக, வரலாறு. வாஞ்சிநாதன் 1886-இல் செங்கோட்டையில் பிறந்தவர். செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம், சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பரில். ஆகவே "தென்காசி மாவட்டத்தில் பிறந்தார்" என்று எழுதினாலும் தப்பு, "திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்தார்" என்று எழுதினாலும் தப்பு. "இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள செங்கோட்டையில்" என்றால் பிரச்சினை இல்லை.

குற்றாலச்சாரல்

அம்மாடி. மாற்றுப் பட்டனைத் தட்டி ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று எங்கள் மாணவி ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லவேளை முதலில் இங்கே வந்து கேட்டேன்.

அப்படியானால் புதியவர்களுக்கு இந்த வேலை வேண்டாமா?

ஆலமரத்தடி ஆசாமி

தாராளமாகச் செய்யலாம். உங்களுக்குத்தான் இது பொருத்தம். ஆலங்குளம் எந்தத் தொகுதி என்று சென்னையில் இருப்பவர் தேடிப் பார்க்க வேண்டும், நீங்கள் ஓட்டே போட்டிருப்பீர்கள். தெரிந்த ஊர்ப் பக்கத்தில் தப்பு சட்டென்று கண்ணில் படும். பட்ட தப்பைச் சான்றோடு திருத்துங்கள், அவ்வளவுதான்.

எண்ணிக்கை வைக்காதீர்கள். "இன்று ஆளுக்கு இருபது பக்கம்" என்று சொல்லிவிட்டால் இருபதாவது பக்கத்தை ஒருவரும் படித்துப் பார்க்க மாட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மூன்று பக்கம் முழுதாக முடிந்தால் நல்ல வேகம் என்பேன்.

கிளைநூலகர்

நான் வேறொரு மாவட்டத்தில் நூலகர். இந்த இழையில் இதுவரை யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருப்பது நூலகத்தில். அலமாரி பின்னாலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பானேன்?

சான்று சேர்ப்பதுதான் ஒரே அமர்வில் முடிகிற வேலைகளில் சிறந்தது. கட்டுரையில் ஒரு வாக்கியம் இருக்கிறது, அதற்கு ஆதாரம் இல்லை, பக்கத்தில் "சான்று தேவை" என்று சின்னதாக நிற்கிறது. உங்கள் அலமாரியில் அந்த எழுத்தாளரைப் பற்றிய நூல் இருக்கிறது. எடுத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்து நூலாசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஐந்தையும் போட்டால் முடிந்தது. உலக அளவில் நூலகர்களுக்காகவே இப்படி ஒரு இயக்கம் 2016-இலிருந்து நடக்கிறது. ஒரு நூலகர் ஒரு மேற்கோள் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் அதன் கோரிக்கை. ஜனவரி 15 முதல் பிப்ரவரி 5 வரை ஒருமுறை, மே 15 முதல் ஜூன் 5 வரை இன்னொருமுறை. நீங்கள் அந்தத் தேதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

சில நடைமுறைச் சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். காட்சித் தொகுப்பானில் (நிரல்குறி தெரியாமலே திருத்த உதவும் திரை) மேற்கோள் பட்டனை அழுத்தி நூலின் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்தால் விவரங்கள் தானாக நிரம்பும் என்பார்கள். தமிழ் நூல்களுக்குப் பெரும்பாலும் நிரம்பாது. பழைய பதிப்புகளில் அந்த எண்ணே இருக்காது. கையால் நிரப்பும் படிவத்தை முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள். இணையச் செய்தியை மேற்கோளாகக் கொடுத்தால் செய்தியின் தேதியையும், நீங்கள் பார்த்த தேதியையும் சேர்த்துப் போடுங்கள். இணைப்பு நாளைக்கு இறந்துபோகலாம், தேதி இருந்தால் நாளிதழ்க் கட்டிலாவது தேடலாம். புதுக் கணக்கிலிருந்து வெளியிணைப்பு சேர்க்கும்போது கோணல்மாணலான எழுத்துகளைக் காட்டித் தட்டச்சு செய்யச் சொல்லும். பயந்து மூடிவிடாதீர்கள், அது எந்திரங்களைத் தடுக்க வைத்த பூட்டு.

வலைப்பதிவும் முகநூலும் சான்றாகாது. விக்கிப்பீடியாவிலிருந்தே எடுத்து எழுதிய செய்தித்துணுக்கை அந்த விக்கிப்பீடியாக் கட்டுரைக்கே சான்றாகக் கொடுப்பது அதைவிட மோசம். இது அடிக்கடி நடக்கிறது. வாக்கியம் அப்படியே ஒத்துப்போனால் சந்தேகப்படுங்கள்.

சந்தேகசிங்கம்

சரி, இது உருப்படியான வேலை. இதை ஒப்புக்கொள்கிறேன். கமா போடுவதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மெய்ப்பு மீனாட்சி

கமா போடுவதற்கென்றே ஓர் இடம் இருக்கிறதே, சிங்கம் ஐயா. விக்கிமூலம், விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான இணைய நூலகம்!

நாட்டுடைமையான நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் படவடிவில் கொடுத்து, அவை பொதுவகத்தில் (விக்கித் திட்டங்களின் பொதுவான படக் கிடங்கு) ஏறி, எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) வழியாக உரையாக மாறி விக்கிமூலத்தில் கிடக்கின்றன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள். உரை இருக்கிறது, ஆனால் பிழை மலிந்திருக்கிறது. மனிதர் ஒருவர் உட்கார்ந்து, வலப்பக்கம் படத்தையும் இடப்பக்கம் எழுத்தையும் பார்த்து ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு பக்கம் என்றால் நூலின் ஒரு பக்கம்தான். பத்து நிமிடத்தில் முடியும். நடுவில் விட்டுவிட்டுப் போனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, அடுத்த பக்கத்தை வேறொருவர் எடுப்பார்.

பக்கத்தின் நிலையை நிறத்தில் காட்டுவார்கள். சிவப்பு என்றால் யாரும் பார்க்கவில்லை. ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள். இன்னொருவர் மறுபடி பார்த்துச் சரி என்றால் பச்சை. நீங்கள் மஞ்சளாக்கிய பக்கத்தை நீங்களே பச்சையாக்க முடியாது, மென்பொருளே விடாது. ஏழு பேர் கூடுகிறீர்கள் என்றால் இதற்கென்றே பிறந்த கூட்டம். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் மஞ்சளாக்கியதை மற்றவர் பச்சையாக்கலாம்.

எழுத்துணரி எங்கே சறுக்கும் என்று பழகிவிட்டால் கண் தானாக அங்கே போகும். "ர" எழுத்தும் "ா" காலும் ஒன்றுக்கொன்று மாறும். ஒற்றுப்புள்ளி காணாமல் போகும். 1978-க்கு முந்தைய அச்சு என்றால் பழைய "ணை, லை, னை" துதிக்கை போட்டு நிற்கும், பழைய "றா, னா" சுழிந்து நிற்கும். அவற்றை என்னவாகவோ படித்துவைத்திருக்கும். உங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அந்த எழுத்தில் படித்து வளர்ந்தவர்கள்தானே? அவர்களை இதற்கு உட்கார வையுங்கள். மாணவிகள் திணறுகிற இடத்தில் அவர்கள் தடையில்லாமல் வாசிப்பார்கள்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு. நூலில் அச்சாகியிருப்பதை அப்படியே தர வேண்டும். ஆசிரியர் சந்திப்பிழை விட்டிருந்தால் அது அவர் பாடு. திருக்குறளுக்கு உரை எழுதும் உங்கள் ஆசிரியருக்கு இதை இருமுறை சொல்லுங்கள்.

குற்றாலச்சாரல்

மீனாட்சி அக்கா, சிரித்துவிட்டேன். அவருக்குச் சந்திப்பிழை என்றால் இரத்தக் கொதிப்பு ஏறும். பார்க்கலாம்.

கைப்பேசிக்காரர்களுக்கு இதில் வழி உண்டா? படமும் எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சின்னத் திரை போதுமா?

மெய்ப்பு மீனாட்சி

போதாது. கண் போய்விடும். மடிக்கணினி இரண்டையும் இதற்குக் கொடுங்கள், கைப்பேசிக்கு வேறு வேலை தேடுங்கள்.

ஒளிப்படக்காரன்

கைப்பேசிக்கு வேறு வேலையா? கேமராதான்! உங்கள் ஊராட்சிக் கட்டுரைகளைத் திறந்து பாருங்கள், எத்தனையில் படம் இருக்கிறது? ஏரி, ஊராட்சி அலுவலகம், அரசுப் பள்ளியின் முகப்பு, ஊர்ப் பெயர்ப்பலகை, பேருந்து நிறுத்தம். வீட்டுக்குப் போகிற வழியில் எடுக்கலாம்.

கவனிக்க வேண்டியவை. வாட்சாப்பில் வந்த படத்தை ஏற்றவே கூடாது, எடுத்தவர் யார் என்று உங்களுக்கே தெரியாது. நீங்களே எடுத்த படத்தையும் வாட்சாப் வழியாக நண்பருக்கு அனுப்பி அவரை ஏற்றச் சொல்லாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, தேதி, கேமரா விவரம் எல்லாவற்றையும் அழித்துவிடும். அப்படி வந்த படங்களைப் பார்த்தால் பொதுவகத்தில் இருப்பவர்கள் சந்தேகப்பட்டு நீக்கப் பரிந்துரைப்பார்கள். எடுத்தவரே மூலக்கோப்பை ஏற்ற வேண்டும்.

நிரந்தரமாகப் பொது இடத்தில் நிற்கும் கட்டடத்தையும் சிலையையும் படமெடுத்துப் போட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. சுவரோவியத்துக்கும் பிளெக்ஸ் பேனருக்கும் அந்தச் சலுகை இல்லை. கோயில் கோபுரம் சரி, நேற்று ஓர் ஓவியர் மண்டபச் சுவரில் வரைந்த படம் சரியில்லை.

இன்னொன்றை முன்கூட்டியே உங்கள் குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். பொதுவக உரிமத்தில் கொடுத்த படத்தை யார் வேண்டுமானாலும் காசுக்கும் பயன்படுத்தலாம், உங்கள் பெயரைக் குறிப்பிட்டால் போதும். பிறகு ஏதோ ஒரு நாட்காட்டியில் பார்த்துவிட்டு வருத்தப்படக் கூடாது. பிள்ளைகள் முகம் தெரிகிற படம் வேண்டாம். கோப்புப் பெயராகக் கேமரா கொடுத்த எண்ணை விடாமல் ஊர்ப்பெயரும் பொருளும் வரும்படி மாற்றுங்கள்.

வடமராட்சியான்

இந்த இழையைக் கொஞ்ச நேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஊராட்சி எங்களுக்குப் பொருந்தாது, ஆனால் சான்று சேர்க்கும் வேலை நன்றாகப் பொருந்தும். ஈழத்து எழுத்தாளர்கள், பாடசாலைகள், சஞ்சிகைகள் பற்றிய கட்டுரைகளுக்கு "நூலகம்" என்ற திட்டத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். 2005-இல் தொடங்கியது. பழைய சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் சிறப்பு மலர்களும் பக்கம் பக்கமாக வருடி வைத்திருக்கிறார்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததில் போனதைப் பற்றி எல்லோரும் கதைப்போம், அதற்குப் பிறகு சேர்த்து வைத்திருப்பதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் தென்காசியில் இருந்துகொண்டே ஒரு மட்டக்களப்புப் புலவரின் பிறந்த ஆண்டுக்குச் சான்று கொடுக்கலாம்.

நினைவு மலர்களில் மட்டும் அவதானம். ஒருவர் இறந்தபின் குடும்பத்தார் அச்சிடுவது அது. பிறந்த தேதி, படித்த பாடசாலை போன்றவற்றுக்கு எடுக்கலாம். "ஈடிணையற்ற மேதை" என்பதற்குச் சான்றாக எடுக்க முடியாது.

இன்னுமொரு விடயம். உரை திருத்தப் போகிறவர்கள் ஈழ வழக்கைப் பிழை என்று நினைத்துத் திருத்த வேண்டாம். "பாடசாலை" பள்ளி ஆக வேண்டியதில்லை, "பேரூந்து" என்று கண்டால் மட்டும் திருத்துங்கள். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் போட்ட மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். தொடக்கத்திலிருந்தே இரு கரையும் சேர்ந்துதான் இதை எழுதி வருகிறது.

ஆலமரத்தடி ஆசாமி

வடமராட்சியார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கிரந்த எழுத்தை எடுப்பது, சேர்ப்பது, ஊர்ப்பெயரை இப்படி எழுதுவதா அப்படி எழுதுவதா என்பது, இவையெல்லாம் பல வருடமாகப் பேசித் தீராத வழக்குகள். புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். அதேபோல் சாதிகள், நடிகர்கள், இப்போது பதவியில் இருக்கும் அரசியல்வாதிகள் பற்றிய கட்டுரைகள். ஒரு சின்னச் சொல்லை மாற்றினால் மூன்று பேர் சண்டைக்கு வருவார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

ஊர்க் கட்டுரைகளில் "இயற்கை எழில் கொஞ்சும்", "பண்பில் சிறந்த மக்கள் வாழும்" என்று வரும். அதைத் தயங்காமல் எடுத்துவிடலாம்.

சந்தேகசிங்கம்

எழில் கொஞ்சுவதை எடுப்பதற்கு என் முழு ஆதரவு.

ஒரு கேள்வி. மாணவிகள் இருக்கிறார்கள் என்கிறார். செயற்கை அறிவுச் செயலியிடம் கட்டுரையைக் கேட்டு வாங்கி ஒட்டிவிட்டு எங்களுக்கும் பங்களிப்பு உண்டு என்று சொன்னால்? எனக்கு இதுதான் பயம். ஏற்கெனவே எந்திர மொழிபெயர்ப்பில் வந்த கட்டுரைகளைப் படித்துத் தலை சுற்றியிருக்கிறது. வினைமுற்று எங்கோ, எழுவாய் எங்கோ.

கிளைநூலகர்

நியாயமான பயம். இல்லாத நூலுக்குப் பக்க எண் வரை போட்டு மேற்கோள் கொடுக்கும் அந்தச் செயலிகள். பார்க்க நம்பும்படி இருக்கும். நூலகத்தில் உட்கார்ந்து செய்வதால் இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. நூலைக் கையில் எடுத்துப் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிய பிறகுதான் மேற்கோள் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் கையில் இல்லையா, மேற்கோளும் இல்லை.

எந்திர மொழிபெயர்ப்பைச் சீர்படுத்துவது பற்றி: அது சின்ன வேலை போலத் தெரியும், ஆனால் இல்லை. மூல ஆங்கிலக் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் தமிழ் வாக்கியத்தை மட்டும் அழகாக்கினால் பொருள் மாறிவிடும். குறளுக்கு உரை எழுதும் உங்கள் ஆசிரியர் தனியாக உட்கார்ந்து ஒரு பத்தி, ஒரு பத்தியாகச் செய்வதானால் செய்யட்டும்.

குற்றாலச்சாரல்

அவரை எல்லோரும் தத்தெடுத்துவிட்டீர்கள் போல.

கணக்குத் தொடங்குவது பற்றிச் சொல்லுங்கள். நூலகத்துக்குப் பொதுவாக ஒரு கணக்கு தொடங்கி எல்லோரும் அதிலேயே செய்யலாமா? கடவுச்சொல்லை மறந்துபோகும் பெரியவர்களுக்கு அது வசதி.

ஆலமரத்தடி ஆசாமி

கூடாது. ஒரு கணக்கு ஒரு ஆளுக்குத்தான். நூலகத்தின் பெயரிலோ அமைப்பின் பெயரிலோ கணக்கு வைத்தால் தடை செய்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து தொடங்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குக்கு மேல் தொடங்க விடாது. ஏழாவது ஆள் முழித்துக்கொண்டு நிற்பார். வீட்டிலிருந்தே தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். மின்னஞ்சலைக் கட்டாயம் இணையுங்கள், மறந்த கடவுச்சொல்லை மீட்க அது ஒன்றுதான் வழி.

அப்புறம், விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் ஒரு குறிப்புப் போடுங்கள். இன்ன ஊரில் இன்ன கிழமை ஏழு பேர் கூடி இந்த வேலை செய்கிறோம் என்று நாலு வரி. ஒரே இடத்திலிருந்து புதுக்கணக்குகள் வரிசையாக ஒரே மாதிரிப் பக்கங்களைத் தொகுத்தால், ஒருவரே பல பெயரில் வருகிறாரோ என்று பார்ப்பவருக்குத் தோன்றும். முன்னமே சொல்லிவிட்டால் உதவிக்கு ஆள் வரும்.

ஒவ்வொரு தொகுப்புக்கும் கீழே சுருக்கம் எழுதும் பெட்டி இருக்கும். "மாவட்டப் பெயர் இற்றை, பகுப்பு மாற்றம்" என்று எழுதினால் போதும். காலியாக விட்டால் என்ன செய்தீர்கள் என்று பார்க்க மற்றவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிவரும். எல்லோரும் சோம்பேறித்தனப்படுகிற இடம் இதுதான்.

ஒளிப்படக்காரன்

கைப்பேசிக்கு இன்னொரு வேலை ஞாபகம் வந்தது. ஆண்ட்ராய்டில் விக்கிப்பீடியா செயலியில் பரிந்துரைக்கும் தொகுப்புகள் என்று ஒரு பகுதி உண்டு. தமிழைத் தேர்ந்தெடுத்தால் விளக்கம் இல்லாத கட்டுரையைக் காட்டி ஒரு வரி விளக்கம் கேட்கும். "தமிழ்நாட்டிலுள்ள அணை", "இலங்கைத் தமிழ்ப் புதின எழுத்தாளர்" அளவில் எழுதினால் போதும். முற்றுப்புள்ளி வேண்டாம், "புகழ்பெற்ற" வேண்டவே வேண்டாம். பேருந்துக்குக் காத்திருக்கும்போது செய்யலாம்.

சந்தேகசிங்கம்

அந்த ஒரு வரி எங்கே தெரியும்?

ஒளிப்படக்காரன்

செயலியில் தேடும்போது தலைப்புக்குக் கீழே தெரியும். ஒரே பெயரில் ஊரும் ஆளும் இருந்தால் எதைத் திறப்பது என்று அதைப் பார்த்துத்தான் தெரியும்.

குற்றாலச்சாரல்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் குழுவில் பேசினோம். முதல் இரண்டு மாதத்துக்கு இப்படி:

மடிக்கணினி இரண்டிலும் விக்கிமூலம். ஆசிரியர்கள் இருவரும் மாணவிகளும் இணை இணையாக. ஒரே நூலை எடுத்து அதிலேயே நிற்போம், நூல் நூலாகத் தாவ மாட்டோம். நம் வட்டாரத்து எழுத்தாளர் ஒருவரின் நாட்டுடைமை நூலாகப் பார்த்து எடுக்கலாம் என்று பேச்சு.

அஞ்சலகத்து அண்ணனும் நானும் ஊராட்சிப் பக்கங்கள். அவருக்கு எந்தச் சிற்றூர் எந்த ஊராட்சியில் வரும் என்று மனப்பாடம். மேலநீலிதநல்லூர் ஒன்றியத்திலிருந்து தொடங்கலாம் என்கிறார், ஏன் என்று கேட்டதற்கு அங்கேதான் கடிதம் அதிகம் வழிதவறும் என்றார். ஆலங்குளம் தொகுதிச் சமாச்சாரத்தைத் தாளில் எழுதி ஒட்டிவைத்தாயிற்று.

படம் எடுப்பது அவரவர் வசதி. சான்று சேர்ப்பதை மூன்றாவது மாதம் தொடங்கலாம் என்று நினைக்கிறோம். கணக்குப் பழகிய பிறகு.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. எங்கள் ஊராட்சிப் பக்கத்தில் மேல்நிலைத் தொட்டி நான்கு என்று இருக்கிறது. இப்போது ஆறு இருக்கிறது. ஊர் முழுக்கத் தெரியும், அஞ்சலகத்து அண்ணன் நேரில் போய் எண்ணிவிட்டே வந்துவிட்டார். மாற்றலாமா?

கிளைநூலகர்

ஆறு என்று அச்சிலோ அரசுத் தளத்திலோ எங்காவது வெளியாகியிருக்கிறதா?

குற்றாலச்சாரல்

தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் வாயால் சொல்கிறார்கள்.

ஆலமரத்தடி ஆசாமி

அப்படியானால் மாற்ற முடியாது. நேரில் எண்ணியது உண்மைதான், ஆனால் படிக்கிறவர் போய்ச் சரிபார்க்க வழியில்லை. நான்கு என்பதை அப்படியே விட்டு, அந்தத் தரவு எந்த ஆண்டுக்குரியது என்று அந்த வரியில் இல்லாவிட்டால் மேற்கோளைப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். உரையாடல் பக்கத்தில் "இப்போது ஆறு என்று தெரிகிறது, வெளியான சான்று தேவை" என்று குறிப்பு வையுங்கள். அரசின் புதிய ஊர்வாரி விவரம் வெளிவரும்போது யாராவது பார்ப்பார்கள்.

ஒளிப்படக்காரன்

புதுத் தொட்டிகளில் ஊர்ப்பெயரும் கட்டிய ஆண்டும் எழுதியிருப்பார்களே. அண்ணனை இன்னொரு நடை போய்ப் படமெடுத்து வரச் சொல்லுங்கள். எண்ணிக்கைக்குச் சான்றாகாது, பக்கத்துக்குப் படமாவது கிடைக்கும்.

குற்றாலச்சாரல்

சொல்லிவிட்டேன். ஞாயிறு காலையில் கொண்டுவருகிறார்.